ஆயாவும் ஆயி மண்டபமும்

ஒரு சின்ன கேள்வி மக்களே! பாண்டிச்சேரி டவுனுக்குள் பத்து பைசா செலவில்லாமல், 'என்ன சார் வேணும்?' என்று யாரும் வந்து நிற்காமல், நட்டநடுப் பகலில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். எங்கே போவீர்கள்?

'பீச்!' என்று கை தூக்குபவர்கள், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கருங்கல் மேல் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசவும். 'காபி ஷாப்!' என்பவர்கள் அப்பாவின் பர்ஸோடு வரவும். ஒயிட் டவுன் பக்கம் ஒரு காபி குடிக்கிற காசில் எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்குப் பால் வாங்கலாம்.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. பாரதி பூங்கா.

மூன்று வருஷமாக அந்தப் பார்க்குக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கட் அடித்துப் போயிருக்கிறேன். செமஸ்டருக்குப் படிக்கிறேன் பேர்வழி என்று போயிருக்கிறேன். அரியர் ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்குப் போகப் பயந்து, இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆனால், அந்தப் பார்க்கை நான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தது போன தை மாசத்தில்தான். என் ஆயாவோடு. அதுவும் ஆயாவுக்குச் சரியாகக் கண் தெரியாத ஒரு மதியத்தில்!

(ஆயா என்றால் எங்கள் பக்கம் பாட்டி. ஸ்கூல் ஆயா என்று நினைத்தால் கம்பெனி பொறுப்பல்ல.)

'பாண்டில எங்க?'

எங்கள் ஊர் கிருமாம்பாக்கம். பாண்டியில் இருந்து கடலூர் ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். பாகூர் கொம்யூன். பிரெஞ்சுக்காரர்கள் 1954-லேயே மூட்டை கட்டிவிட்டார்கள். 'கொம்யூன்' என்கிற அவர்கள் வார்த்தை மட்டும் போகாமல் எங்கள் பஞ்சாயத்து போர்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் ரோட்டோரமாகவே இன்ஜினீயரிங் காலேஜ், மெடிக்கல் காலேஜ் எல்லாம் உண்டு. எங்கெங்கோ இருந்து பசங்க எங்கள் ஊருக்குப் படிக்க வருகிறார்கள். நாங்கள் பஸ் பிடித்து டவுனுக்குப் படிக்கப் போகிறோம். என்ன கணக்கோ இது!

ஊரில் காற்றுக்கும் மரத்துக்கும் பஞ்சமே இல்லை. ஆனால், சும்மா உட்கார மட்டும் முடியாது. ஏரிக்கரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். சைக்கிளில் போகிற பெரியவர் காலை ஊன்றி நிறுத்துவார். "நீ யாரு, தெற்குத் தெரு வீட்டுப் பையன்தான? காலேஜு போவலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" நான் வீட்டுக்குப் போவதற்குள் 'பையன் ஏரிக்கரையில் தனியா உக்காந்திருந்தானாமே' என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்.

இன்னொரு உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலேஜில் 'எந்த ஊரு?' என்று கேட்டால் 'பாண்டி' என்பேன். 'பாண்டில எங்க?' என்றால் 'கடலூர் ரோடு' என்பேன். மூன்று வருஷத்தில் 'கிருமாம்பாக்கம்' என்ற வார்த்தையை நான் எழுதியது ஆபீஸ் ஃபாரத்தில் மட்டும்தான். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் இல்லை.

சொட்டு மருந்து

அன்றைக்கு ஆயாவுக்குக் கண் டெஸ்ட். பக்கத்திலேயே மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, நடந்தே போகலாம். ஆயா ஒரே பிடிவாதம். "டவுனு ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்." அம்மா வயலுக்கு, அப்பா வேலைக்கு. மாட்டியது நான்.

காலை ஏழரை மணி பஸ். பாட்டு காதைக் கிழிக்கிறது. ஆயாவுக்கு ஜன்னல் ஓரம். தவளக்குப்பம், சுண்ணாம்பாறு பாலம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொன்றும் வரும் முன்னாலேயே ஆயா சொல்லிக்கொண்டு வருகிறார். வெளியே பார்க்கவே இல்லை. வேகத்தடையையும் வளைவையும் வைத்தே கண்டுபிடிக்கிறார்! முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் வந்ததும், "இந்த மில்லு சங்கை வெச்சிதான் எங்களுக்கு மணி" என்றார். 1898-ல் ஆரம்பித்த மில். 2020-ல் மூடிவிட்டார்கள். சங்கும் நின்றுபோச்சு.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பெரிசாக்க சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார்கள். "ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நல்லா முத்திடுச்சு. பயப்படாதீங்க, ஆபரேஷன் பண்ணினா தெரியும்" என்றார் டாக்டர். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தால் ஆயாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஏற்கெனவே புரை. அதோடு சொட்டு மருந்து. வெயில் பட்டதும் உலகமே வெள்ளையாகிவிட்டது. இரண்டு மூன்று மணி நேரம் இப்படித்தான் இருக்கும் என்றார் நர்ஸ். இந்தக் கண்ணோடு பஸ்ஸில் ஏற்றி இறக்க எனக்குப் பயம்.

"எங்கியாச்சும் நெழல்ல உக்காருவம்டா."

"ஏதாவது ஜூஸ் கடையில உக்காரலாம் ஆயா."

"கவுனர் பங்களா எதுத்தாப்ல பார்க்கு இருக்கே, அங்க போவலாம்."

எனக்குப் பகீர் என்றது. அன்றைக்கு எங்கள் கிளாசுக்கு இன்டர்னல் டெஸ்ட். முடிந்ததும் எங்கள் கேங் முழுக்க அந்தப் பார்க்கில்தான் ஆஜர் ஆகும். நான் மட்டும் 'ஃபேமிலி வொர்க்' என்று லீவ் சொல்லியிருந்தேன். இந்தப் பக்கம் ஆயா. கையில் மஞ்சப் பை, இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப் பை, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல்.

"அங்க ஒரே வெயிலு ஆயா."

"மரத்தையெல்லாம் வெட்டிட்டானுவளா?"

"இல்ல..."

"அப்புறம் என்னா வெயிலு? நட."

வாய்க்கால் தாண்டினால்...

நேரு வீதியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் துணிக்கடை, ஒரு பக்கம் செருப்புக்கடை, நடுவில் பைக், பைக்குக்கு நடுவில் மனுஷன். அதில் கண் தெரியாத ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது ஒரு தனி செமஸ்டர். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் ஆயா என் கையை இறுக்கிப் பிடிக்கிறார். சின்ன வயசில் இதே வீதியில் நான் அவர் கையை இப்படித்தான் பிடித்திருப்பேன்.

கிழக்கே நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று இறங்குகிறது. இந்த வாய்க்கால்தான் பழைய எல்லைக்கோடு. இந்தப் பக்கம் தமிழர் தெருக்கள். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வெள்ளை நகரம். "வாய்க்கா தாண்டிட்டமா?" என்றார் ஆயா. எப்படித் தெரிந்தது? "காத்து மாறிடுச்சே."

மணக்குள விநாயகர் கோயில் பக்கம் வரும்போது நின்று, அந்தத் திசையில் கும்பிட்டார். "யானை இருந்தா கொலுசு சத்தம் கேட்டிருக்கும்" என்றார். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போதே சுருண்டு விழுந்து இறந்துபோனதும், அன்றைக்கு ஊரே தெருவில் நின்று அழுததும் பாண்டிக்காரர்கள் யாருக்கும் மறக்காது.

பார்க்குக்குள் நுழைந்ததும் கண்ணால் கேங்கைத் தேடினேன். மண்டபத்துக்கு எதிரில், வழக்கமான பெஞ்ச். ஆறு பேரும் ஆஜர். நைசாக ஆயாவை வேறு மூலைக்கு நகர்த்தினேன்.

"மண்டபம் எங்க இருக்கு? அதுக்கு எதுத்தாப்ல உக்கார வை."

போச்சுடா! நேர் எதிரில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, கேங்குக்கு முதுகு காட்டும் ஒரு பெஞ்சாகப் பார்த்து உட்கார வைத்தேன். மரத்தடி. நல்ல நிழல். ஆயா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மேலே மடக்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். நான்தான் அடுத்தவர் வீட்டுக்கு வந்தவன் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

எத்தினி வாசலு?

"மண்டபம் இருக்குதா?"

"இருக்கு ஆயா."

"எனக்கு வெள்ளையா ஒண்ணு மசமசன்னு தெரியுது. நீ சொல்லு, எப்பிடி இருக்கு?"

"வெள்ளையா... தூணு வெச்சு..."

"எத்தினி வாசலு?"

மூன்று வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை செல்ஃபி எடுத்திருப்பேன்! அரசாங்கக் காகிதங்களில் புதுச்சேரி அரசின் சின்னமாகவே அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எத்தனை வாசல் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

"நாலு ஆயா. நாலு பக்கமும் வளைவு. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் அந்தப் பக்கம் தெரியுது."

"ஆங்... அதான்" என்று சிரித்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத் தெரியுமா என்று பார்த்திருக்கிறார்!

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். சுற்றி என்ன இருக்கு? யார் யார் உக்காந்திருக்காங்க? நான் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

வடக்கே ராஜ்நிவாஸ். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர். பார்க்கைச் சுற்றிய தெருக்களில் சட்டசபை, மியூசியம், ரொமேன் ரோலண்ட் நூலகம். இந்த நூலகம் 1827-ல் தொடங்கியது, இன்னும் கொஞ்ச நாளில் 200 வயசு! பெரிய மனிதர்கள் காரில் வந்து இறங்குகிற அத்தனை வாசலுக்கும் நடுவில், யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கிற ஓர் இடம்.

புல்லில் ஒருத்தர் முகத்தில் கைக்குட்டை போட்டுத் தூங்குகிறார். ஜவுளிக்கடை யூனிஃபார்ம் சேலையில் நாலு அக்காக்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். போட்டித் தேர்வு கைடை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணன் வாய்க்குள் முணுமுணுக்கிறார். ஒரு மெடிக்கல் ரெப் டையைத் தளர்த்திவிட்டு, செல்போனில் யாரிடமோ 'டார்கெட் முடிச்சிடுவேன் சார்' என்று கெஞ்சுகிறார். குடைக்குப் பின்னால் ஒரு ஜோடி. (குடையை மட்டும்தான் சொன்னேன்.) கர்நாடகா ரெஜிஸ்ட்ரேஷன் காரில் வந்த ஒரு குடும்பம் மண்டபத்தைப் போட்டோ எடுத்துவிட்டு ஐந்தே நிமிஷத்தில் கிளம்புகிறது.

"கூடை வெச்சிக்கினு யாருனா இருக்காங்களா?"

"இல்ல ஆயா. ஏன்?"

"நாங்க வருவம்."

கூடைக்காரி

ஆயாவுக்குக் கல்யாணம் ஆன புதிது. ஊரில் இருந்து மல்லாட்டை, அவரைக்காய், கீரை என்று கூடையில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறி, டவுன் பெரிய மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்பார்களாம். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் வேர்க்கடலை என்று சொன்னால் 'டவுன்காரனா?' என்று பார்ப்பார்கள்.) பதினோரு மணிக்குள் விற்றுவிடும். திரும்பிப் போக இரண்டு மணிக்குத்தான் பஸ். நடுவில் வெயிலுக்கு ஒதுங்க இந்தப் பார்க். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்களாம்.

"ஊட்ல இருந்தா மாமியா கூப்புடுவா. வயல்ல இருந்தா உங்க தாத்தா கூப்புடுவாரு. புள்ள அழுவும், மாடு கத்தும். இங்க இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கடா. அந்த ரெண்டு மணி நேரம்தான் எனக்குன்னு இருந்துச்சு."

என்னவோ போல் ஆகிவிட்டது எனக்கு. ஏரிக்கரையில் உட்கார முடியவில்லை என்று நான் இங்கே ஓடி வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே ஆயா அதே காரணத்துக்காக ஓடி வந்திருக்கிறார்!

அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு தட்டு. திரும்பினால் மொத்த கேங்கும்.

"இதுதான் ஃபேமிலி வொர்க்கா?" - என் லேப் பார்ட்னர். அதற்குள் ஆயா பக்கம் திரும்பி, "பாட்டி, உங்க பேரனா?" என்றாள்.

"ஆமாம்மா. கிருமாம்பாக்கம்" என்றார் ஆயா, மண்டபத்துக்குள் எதிரொலிக்கிற மாதிரி.

ஒரு நொடி அமைதி. "டேய் கடலூர் ரோடு!" என்று ஒருத்தன் ஆரம்பித்தான், சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் ஆறு பேரும் ஆயாவைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் விழுப்புரத்துப் பையன் ஒருத்தன், "எங்க ஆயாவும் இப்படித்தான் பேசும்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ரெண்டு ராஜா, ஒரு ஆயி

மஞ்சப் பையில் இருந்து புளிச்சோறும் அவித்த மல்லாட்டையும் வெளியே வந்தன. மல்லாட்டை உரித்துக்கொண்டே லேப் பார்ட்னர் கேட்டாள். "பாட்டி, ஆயின்னா யாரு? இது உங்களுக்குக் கட்டின மண்டபமா?"

சின்ன வயசில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆயா மண்டபம்!

"அவ ஒரு தாசிம்மா" என்றார் ஆயா, கொஞ்சமும் குரலைக் குறைக்காமல்.

ஆயா சொன்ன கதையும் பாண்டியில் வழிவழியாகச் சொல்கிற கதையும் ஒன்றுதான். விஜயநகர ராஜா கிருஷ்ணதேவராயர் (ஆண்டது 1509 முதல் 1529 வரை) இந்தப் பக்கம் வருகிறார். இருட்டில் ஒரு மாளிகை விளக்குகளோடு ஜொலிக்கிறது. கோயில் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார். அது ஆயி என்கிற தாசியின் வீடு என்று கூட இருந்தவர்கள் சொன்னதும் ராஜாவுக்கு அவமானம், கோபம். 'இடித்துத் தள்ளு' என்று உத்தரவு. ஆயி கெஞ்சுகிறாள். ஒரே ஒரு வரம் கேட்கிறாள். 'என் வீட்டை நானே இடிக்கிறேன். அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிக்கொள்கிறேன்.' முத்திரையர்பாளையத்தில் ஆயி குளம் வந்தது அப்படித்தானாம்.

முந்நூறு வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. பாண்டியில் பிரெஞ்சு ஆட்சி. கடலோரத்து ஊரில் நல்ல குடிதண்ணீருக்குத் திண்டாட்டம். பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் சக்ரவர்த்தியாக இருந்த காலம் (1852 - 1870). லமைரெஸ் என்ற இன்ஜினீயர் முத்திரையர்பாளையத்தில் நல்ல தண்ணீர் இருப்பதைப் பார்த்து, அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் வந்து சேர்ந்த இடம் இந்தத் திடல். ஆயியின் கதையைக் கேட்ட நெப்போலியன், 'இன்ஜினீயருக்கு வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு நினைவுச்சின்னம் எழுப்புங்கள்' என்று சொன்னதாகச் சொல்வார்கள். கிரேக்க - ரோமானிய பாணியில் அன்றைக்குக் கட்டியதுதான் இந்த வெள்ளை மண்டபம்.

கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கலப்பு என்று கேட்டால், ராஜாவும் ஆயியும் வருகிற பாதி வாய்மொழி. ஆனால், கிராமத்தில் இருந்து டவுனுக்குத் தண்ணீர் வந்தது நிஜம். அதற்கு நன்றியாக மண்டபம் நிற்பதும் நிஜம்.

"ரெண்டு ராசா வரான் கதையில" என்றார் ஆயா. "ஒருத்தன் இடின்னான். ஒருத்தன் கட்டுன்னான். மண்டபத்துக்கு யாரு பேரு இருக்குது? ஊட்டை விட்டுக் குடுத்தவ பேருதான இருக்குது?"

லேப் பார்ட்னர் அதற்குள் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "டேய், நியூயார்க் சென்ட்ரல் பார்க்லயும் இதே மேட்டர் இருக்குடா!" 1842-ல் குரோட்டன் ஆற்றில் இருந்து நியூயார்க்குக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக 1873-ல் சென்ட்ரல் பார்க்கில் ஒரு நீரூற்றும், அதன் மேல் தண்ணீரை ஆசீர்வதிக்கும் தேவதை சிலையும் வைத்தார்கள். செய்தவர் எம்மா ஸ்டெப்பின்ஸ் என்ற பெண் சிற்பி.

அங்கே தண்ணீருக்கு நன்றி சொல்ல ஒரு தேவதையைக் கற்பனை செய்துகொண்டார்கள். இங்கே ஒரு தாசியின் பெயரை வைத்தார்கள். பாண்டி எங்கேயோ போயிடுச்சு இல்ல?

காலுக்குக் கீழே கோட்டை

இன்னொரு விஷயம். நாங்கள் மல்லாட்டை உரித்த அந்தப் புல்தரை இருக்கிற வட்டாரத்தில்தான் ஒரு காலத்தில் செயின்ட் லூயி கோட்டை நின்றது. ஐந்து மூலைக் கோட்டை, 1706-ல் கட்டி முடித்தது. டூப்ளெக்ஸ் அதிகாரம் செலுத்தியதும், அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தமிழில் நாட்குறிப்பு எழுதியதும் இந்த வட்டாரத்தில்தான். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதே ஜனவரியில் பிள்ளையும் இறந்துபோனார். ஜெயித்தவர்கள் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு ஒரு மதில்கூடக் கிடையாது. பக்கத்தில் ஒரு வீதிக்கு ரங்கப்பிள்ளை பெயர் இருக்கிறது. பார்க்குக்கு, 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இந்த ஊரில் தஞ்சம் இருந்த பாரதியின் பெயர் இருக்கிறது.

இடித்த வீடு குளமானது. இடித்த கோட்டை பூங்காவானது. பரவாயில்லை, இந்த ஊரில் இடிபட்டதெல்லாம் கடைசியில் ஜனங்கள் உட்காரவும் குடிக்கவும்தான் ஆகியிருக்கிறது.

"அது சரி பாட்டி" என்றான் விழுப்புரத்துப் பையன். "உங்க ஊர்லயே மெடிக்கல் காலேஜ் இருக்கே. கண்ணு பாக்க ஏன் இவ்ளோ தூரம்?"

ஆயா வெற்றிலையை மடித்தார். "கண்ணு முழுசா அவிஞ்சி போறதுக்குள்ள ஒருவாட்டி இங்க வந்து உக்காந்துட்டுப் போவணும்னு இருந்துச்சுப்பா. பார்க்குக்குக் கூட்டிக்கினு போடான்னா இவன் வருவானா? ஆஸ்பத்திரின்னா வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். மல்லாட்டைத் தோலையெல்லாம் பொறுக்கி மஞ்சப் பையில் போடுகிற வேலை அப்போது எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது.

மறுபடியும்...

மாசியில் ஆயாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. ஒரு மாசம் கழித்து டாக்டர் 'வெளியே போகலாம்' என்று சொன்ன வாரமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டேன். "ஆயா, பார்க்குக்குப் போலாமா?"

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ரஜினி ஸ்டைலில் வந்து இறங்கினார். மண்டபத்துக்கு நேர் எதிரில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி, உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் திக் திக் என்றது.

"ஏன்டா... இவ்ளோ சின்னதாவா இருக்குது?"

அப்புறம் ஒரு சுற்று சுற்றி வந்தார். நாலு வாசலையும் எண்ணினார். மேலே பார்த்தார். "இவ்ளோ புறா எச்சம் இருக்குது, அதச் சொல்லவே இல்லியே நீ! நல்லா பாத்த போ."

பக்கத்தில் ஒரு வெளியூர் ஜோடி. தங்களைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லி செல்போனை என்னிடம் நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன். "நீங்க பாண்டியா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க. கிருமாம்பாக்கம்" என்றேன்.

ஆயா செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தார். நானும்.

நீங்களும் போகணுமா?

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டெம்போவோ ஆட்டோவோ பிடித்து 'கவர்னர் பங்களா' என்றால் கொண்டுவந்து விடுவார்கள். கால் இருப்பவர்கள் நேரு வீதி வழியாகக் கிழக்கே நடந்து, வாய்க்காலைத் தாண்டவும். சனி, ஞாயிறு சாயங்காலம் கூட்டம் அள்ளும். வார நாள் மதியம்தான் சொர்க்கம். பார்த்து முடித்ததும் பக்கத்திலேயே மியூசியமும் நூலகமும் இருக்கின்றன. ஐந்து நிமிஷம் நடந்தால் கடல். வயிற்றுக்கு: அவித்த மல்லாட்டை. தோலைக் கீழே போடக் கூடாது. துணைக்கு: ஒரு ஆயா இருந்தால் நல்லது.